செப்பாவுக்கு அடியில் ஒரு பெயர்

1781ஆம் ஆண்டு ஒசாகாவில் ஏழு பாகங்களாக ஒரு நூல் அச்சாகி வெளிவந்தது. 'சோகென் கிஷோ' என்று பெயர். எழுதிய இனாபா ட்சூர்யூ, வாள்களுக்கான அணிகலன்களை வாங்கி விற்ற வணிகர். எந்தக் கம்மியர் எந்தக் குடும்பம், யாரிடம் தொழில் பழகினார், எந்த வேலைக்குப் பேர்போனவர் என்று ஒவ்வொருவராக அவர் அதில் எழுதி வைத்தார். கச்சையில் பையைத் தொங்கவிட உதவும் நெட்சுகே குமிழ்களைச் செதுக்கியவர்களின் பெயர்கள்கூட அந்த நூலில் உண்டு.

ஒரு வணிகர் இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் இருந்தது. ஜப்பானில் பெரும்போர் ஓய்ந்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்தது. வாள்கள் உறையை விட்டு வெளியே வருவது அபூர்வம். ஆனால் இடுப்பில் வாள் இல்லாத சாமுராய் கிடையாது. வசதியுள்ள நகர வணிகர்களும் குறுவாள் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். அலகு உறைக்குள் மறைந்திருக்க, வெளியே தெரிந்தவை கைப்பிடியின் அணிகளும், கைக்கும் அலகுக்கும் நடுவே நின்ற காப்புத் தகடும்தான். 'ட்சுபா' எனப்படும் அந்தத் தகட்டில்தான் பணமும் ரசனையும் போட்டியும் வந்து குவிந்தன. அப்படிக் குவிந்ததும், வாங்குகிறவர் வாயில் முதலில் வந்த கேள்வி, இதைச் செய்தது யார் என்பது.

பார்வைக்கு எளிய பொருள்தான். பெரிய வாளுக்கான ட்சுபா சுமார் எட்டு சென்டிமீட்டர் குறுக்களவு இருக்கும், கனம் நாலைந்து மில்லிமீட்டர். நடுவில் அலகின் வால் நுழைய ஆப்பு வடிவில் ஒரு துளை. அதன் இரு பக்கமும் சில ட்சுபாக்களில் இன்னும் இரண்டு துளைகள் இருக்கும். இடப்பக்கத் துளை கொசுகா என்ற சிறு கத்திக்கு, வலப்பக்கத் துளை கோகாய் என்ற நீள ஊசிக்கு. நடுத்துளையைச் சுற்றி முட்டை வடிவில் வெறுமையாக விடப்பட்ட இடம் 'செப்பாதாய்'. ட்சுபா ஆடாமல் இருக்க அதன் இருபுறமும் 'செப்பா' என்ற மெல்லிய உலோகத் தகடுகளைச் செருகுவார்கள். அவை வந்து உட்காரும் மேடை இது.

கம்மியர் தன் பெயரை வெட்டியது இந்த மேடையில்தான். வாளைக் கோத்து முடித்ததும் செப்பா வந்து பெயரை மூடிவிடும். வாளை அணிந்திருப்பவர் பார்க்க முடியாது, எதிரில் நிற்பவரும் பார்க்க முடியாது. பிடியின் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, வாளைப் பாகம் பாகமாகப் பிரித்தால்தான் பெயர் வெளியே வரும். அது ஊருக்குக் காட்டும் விளம்பரம் அல்ல. வாளைப் பிரிக்கத் தெரிந்த உரிமையாளருக்கும், அடுத்து அதைத் தொடப்போகிற இன்னொரு கம்மியருக்கும் மட்டும் விட்டுச்சென்ற சொல்.

நெடுங்காலம் அந்தச் சொல்லும் இல்லை. பழைய இரும்பு ட்சுபாக்களை வாளடித்த கொல்லரோ கவசம் செய்த கொல்லரோ செய்ததாக ஆய்வாளர்கள் இரு பிரிவாக வைக்கிறார்கள். இரண்டிலும் பெயர் கிடையாது. வாளின் ஒரு துணைப்பாகத்துக்குத் தனியே கையொப்பம் இடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. ட்சுபா செய்வதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர்கள் எழுந்தார்கள். படைத்தலைவர்கள் கோட்டைகளையும் தேநீர் அறைகளையும் அலங்கரிக்கத் தொடங்கிய காலம் அது. தனி மனிதனின் கைவேலைக்கு மதிப்பு வந்தது.

முதலில் பெயர் வெட்டியவர்களில் மூவரைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்க முடியாது. கியோட்டோவின் உமெதாதா மியோஜு (1558–1631) வாள் அலகும் அடித்தார், ட்சுபாவும் செய்தார். ஹிசென் நாட்டின் புகழ்பெற்ற வாட்கொல்லர் தாதாயோஷிக்கு ஆசானும் அவரே. கியோட்டோவுக்குத் தெற்கே ஃபுஷிமியில், படைத்தலைவர் தோயோதோமி ஹிதெயோஷி கோட்டை எழுப்பிய அதே ஊரில், கனேஇயே வேலை செய்தார். இரும்பையே மை தீட்டிய ஓவியம்போல நடத்தியவர் அவர். மலை, படகு, துறவி என்று முழுக் காட்சியை ஒரு தகட்டுக்குள் கொண்டுவந்தார். 'ஜோஷூ ஃபுஷிமி ஜூ கனேஇயே' என்று பெயரோடு ஊரையும் வெட்டினார். மூன்றாமவர் ஓவாரி நாட்டோடு தொடர்புபடுத்தப்படும் நொபுஇயே. அவர் வெட்டியது இரண்டே எழுத்து.

அந்த இரண்டு எழுத்து கிளப்பிய சர்ச்சை சின்னதல்ல. நொபுஇயே என்ற பெயரில் மியோச்சின் குலத்துக் கவசக் கொல்லர் ஒருவர் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தார். பெயர் ஒன்று, எழுத்து ஒன்று, இரண்டும் இரும்பு வேலை. இருவரும் ஒரே ஆள்தான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். கவசக் கொல்லரின் பெருமை முழுவதும் ட்சுபாக்காரரின் கணக்கில் ஏறியது. பிறகு ட்சுபாக்களை வரிசையாக வைத்து எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது இந்த நம்பிக்கை தளர்ந்தது. இன்று இருவரையும் வேறு வேறு ஆட்களாகவே கொள்கிறார்கள். அதோடும் விஷயம் முடியவில்லை. ட்சுபாக்களில் உள்ள 'நொபுஇயே'யே இரண்டு கைகளாகப் பிரிந்தது. ஒரு கை மெல்லிய உளியால் எழுத்துகளை இடைவெளி விட்டு வெட்டியிருக்கிறது. இன்னொரு கை தடித்த உளியால் அழுத்தி வெட்டியிருக்கிறது. முன்னதை 'ஹனாரே மெய்' என்றும் பின்னதை 'ஃபுதோஜி மெய்' என்றும் துறைக்காரர்கள் அழைக்கிறார்கள். 'மெய்' என்பது உலோகத்தில் வெட்டிய கையொப்பத்துக்கு அவர்கள் பயன்படுத்தும் சொல். இவை இரு தலைமுறைகளா, ஒரே ஆளின் இரு பருவங்களா என்ற விவாதத்தில் இரு தலைமுறை என்போரே மிகுதி. பெயர் தெளிவாகப் படிக்கக் கிடைத்தும் ஆள் யார் என்பது கிடைக்கவில்லை. கையொப்பம் படிப்பது வேறு, ஆளை அடையாளம் காண்பது வேறு என்பதற்கு நொபுஇயேயைவிட நல்ல சான்று இந்தத் துறையில் இல்லை.

சரி, படிப்பது எப்படி? ட்சுபாவைப் பிடியின் பக்கமிருந்து பார்க்க வேண்டும், அதுதான் முகப்பு. ஆப்புத் துளையின் கூர்முனை மேலே இருக்கட்டும். கத்தானா வாள் கூர் மேல்நோக்கி இடுப்பில் செருகப்படுவதால் தகடு அப்படித்தான் நிற்கும். எழுத்து மேலிருந்து கீழாக ஓடும். வலப்பத்தி முதலில், இடப்பத்தி பிறகு. வலப்பக்கம் பெரும்பாலும் நாடும் ஊரும், 'ஜூ' என்ற எழுத்தும் வரும். இன்ன ஊரில் வசிப்பவர் என்று பொருள். இடப்பக்கம் பெயரும், 'செய்தது' என்று பொருள்படும் 'சாகு' அல்லது 'செய்' என்ற எழுத்தும். சுருக்கமாக வெட்டுபவர்கள் இடப்பக்கம் பெயரை மட்டும் வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஊர்ப்பெயரே பாதி வழியைக் காட்டிவிடும். 'சோஷூ ஹாகி ஜூ' என்றிருந்தால் மேற்கு ஜப்பானில் மோரி பிரபுக்களின் தலைநகரான ஹாகி. அந்த ஊர்க் கம்மியர்கள் நீளமாகவே கையொப்பமிடுவார்கள்: நாடு, ஊர், குடும்பப் பெயர், வழக்குப் பெயர், தொழிற்பெயர் எல்லாம் வரும். நகாய், கவாஜி, ஒகாமோதோ, கானெகோ என்று குடும்பங்கள் பல. அவர்களில் பலருடைய தொழிற்பெயர் 'தோமோ' என்று தொடங்கும். ஆசானின் பெயரிலிருந்து ஓர் எழுத்தைச் சீடன் பெற்றுக்கொள்வது ஜப்பானியத் தொழிற்குடும்பங்களில் நிலைத்த வழக்கம். எடோ (இன்றைய தோக்கியோ) நகரின் அகாசாகா கம்மியர்கள் 'தாதா'வை வைத்துக்கொண்டார்கள், கோதோ குடும்பத்தின் பிற்காலத்தவர்கள் 'மிட்சு'வை. எழுத்து தேய்ந்து இரண்டாம் பாதி அழிந்துபோனாலும், மிஞ்சிய முதல் எழுத்து எந்தப் பட்டறையின் வாசலில் போய்த் தட்ட வேண்டும் என்று சொல்லிவிடும்.

இதற்கு நேர்மாறான தொல்லை 'எச்சிசென் ஜூ கினாய் சாகு'. எச்சிசென் நாட்டுக் கினாய் செய்தது என்று தெளிவாகப் படிக்கலாம். ஆனால் கினாய் தனிமனிதரின் பெயர் அல்ல. தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பமே அதே பெயரை அதே இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தது. இரும்பைக் குடைந்து நாகத்தை வளைத்துச் செதுக்குவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. எந்தத் தலைமுறைக் கினாய் என்பதைக் கையொப்பம் சொல்லாது. நாகத்தின் செதிலும் நகமும் இரும்பின் நிறமும்தான் சொல்ல வேண்டும்.

கான்ஜி எழுத்துக்குப் பல உச்சரிப்புகள் உண்டு என்பதால் இன்னொரு சிக்கல் சேர்கிறது. எடோ நகரின் ஹமானோ ஷோசுய் (1696–1769) பல நூல்களில் மாசாயுகி என்ற பெயரில் இருக்கிறார். எழுத்து ஒன்றே, படித்த விதம் இரண்டு. பெயர்ப் பட்டியலில் ஓரிடத்தில் தேடிக் கிடைக்காவிட்டால் அந்த ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சிலர் தேதியும் வெட்டினார்கள். 'காயெய் மூன்றாம் ஆண்டு எட்டாம் மாதம்' என்றால் 1850. காயெய் யுகம் 1848இல் தொடங்கியது, கணக்கு எளிது. யுகத்தின் பெயரை விட்டுவிட்டு அறுபதாண்டுச் சுழற்சியின் பெயரை மட்டும் வெட்டியிருந்தால்தான் தடுமாற்றம். அதே 1850 அந்தச் சுழற்சியில் 'கானோஎ இனு', உலோக நாய் ஆண்டு. ஆனால் 1790உம் 1910உம் அதே ஆண்டுதான். எந்தச் சுற்று என்பதை வேலைப்பாடு தீர்மானிக்கும். முதுமையில் தன் வயதையே சேர்த்து வெட்டிய கம்மியர்களும் உண்டு. பிறந்த ஆண்டு வேறு வழியில் தெரிந்திருந்தால் அதைவிட நல்ல தேதி கிடைக்காது.

கையொப்பத்தின் வரலாற்றில் கோதோ குடும்பம் தனி அத்தியாயம். கோதோ யூஜோ (1440–1512) ஷோகுன் அஷிகாகா யோஷிமாசாவிடம் பணிபுரிந்தார். அவரில் தொடங்கிப் பதினேழு தலைமுறைகள் ஆட்சியாளர்களுக்கே வேலை செய்தன. ட்சுபா அவர்களுக்கு முதன்மை வேலை அல்ல. கொசுகா, கோகாய், பிடியில் பதிக்கும் மெனுகி உருவங்கள், இவைதான் அவர்களுடைய தொழில். பொருள் தங்கம், அல்லது சிறிதளவு தங்கம் கலந்த செம்பைப் பதப்படுத்திக் கருநீலமாக்கிய ஷகுதோ. முதல் தலைமுறைகள் கையொப்பமே இடவில்லை. அரண்மனைக் கம்மியர், யாருக்காகச் செய்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும், பெயர் எதற்கு?

ஐந்தாம் தலைமுறையான தோகுஜோ, ஹிதெயோஷிக்காக 1588 முதல் 'ஓபான்' என்ற பெரிய தங்க நாணயங்களைச் செய்தார். ஒவ்வொரு நாணயத்தின் மேலும் மையால் எடையும் கோதோவின் 'காஓ'வும் எழுதப்பட்டன. காஓ என்பது பெயரை ஒரே சுழிப்பில் உருவமாக்கும் முத்திரைக் கையொப்பம். ஒரு குடும்பத்தின் கையெழுத்துக்கு நாட்டின் தங்கத்தையே சான்றளிக்கும் அதிகாரம் வந்தது அப்போது. அதே அதிகாரம் முன்னோர்களின் பெயரில்லா வேலைகள் மீதும் பாய்ந்தது. பிற்காலக் கோதோ தலைவர்கள், இது முதலாமவர் யூஜோவின் கை என்று தீர்மானித்து, மடித்த தாளில் 'ஒரிகாமி' என்ற சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள். சில சமயம் பொருளின் மேலேயே வெட்டினார்கள்: 'உருவம் யூஜோ', அடுத்து 'மிட்சுதாகா' என்று தன் பெயர், காஓ. இப்படித் தீர்ப்பாக வெட்டியதைக் 'கிவாமே மெய்' என்பார்கள். இங்கே கையொப்பத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று செய்தவர் என்று கருதப்படுபவர், மற்றது கருதியவர். முதல் பெயரை மட்டும் படித்துவிட்டு 15ஆம் நூற்றாண்டுக் கையொப்பம் கிடைத்ததாக மகிழ்ந்துவிடக் கூடாது. அதை வெட்டியது 18ஆம் நூற்றாண்டின் உளி.

கோதோ கிளையில் பிறந்த இச்சிஜோ (1791–1876) கையொப்பத்தால் காலம் கணிக்கச் சிறந்த பாடம். 1824இல் அரசவை அவருக்கு 'ஹோக்கியோ' என்ற பட்டம் அளித்தது. 1860களில் அதைவிட உயர்ந்த 'ஹோகென்' பட்டம் கிடைத்தது. பட்டங்களை அவர் பெயரோடு சேர்த்து வெட்டியதால், பட்டத்தைப் பார்த்தே எந்தப் பருவத்து வேலை என்று சொல்லிவிடலாம். 'ஹோகென் இச்சிஜோ' என்ற பெயரோடு ஒரு பொருள் வந்து, அதில் தேதி 1840களில் இருந்தால் அடுத்த கேள்வியே தேவையில்லை, போலி. இரும்பு வேலை கோதோ மரபுக்கு உகந்ததாகக் கருதப்படவில்லை. இச்சிஜோவுக்கு இரும்பின் மீது ஆசை இருந்தது. அதனால் இரும்பில் செய்தவற்றில் குடும்பப் பெயரைத் தவிர்த்து 'ஹகுஓ' போன்ற புனைபெயர்களை வெட்டினார். கையொப்பத்தில் எது இல்லை என்பதும் பேசும் என்பதை அவருடைய இரும்பு ட்சுபாக்களில் பார்க்கலாம்.

அரசவையை விட்டு நகர மக்களுக்காக வேலை செய்த கம்மியர்களின் மரபு 'மாச்சிபோரி'. அதன் முன்னோடி எடோவின் யோகோயா சோமின் (1670–1733). உளியைச் சாய்த்து, தூரிகை இழுத்ததுபோல் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் ஆழமில்லாமலும் கோடு வெட்டும் கதாகிரி முறையை அவர் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனார். அவருடைய சமகாலத்தவர் ட்சுச்சியா யாசுச்சிகா (1670–1744), முதுமையில் 'தோஉ' என்று பெயர் மாற்றிக்கொண்டார். இங்கே பெயர் வேறு மதிப்பு பெற்றது. அரண்மனையும் சான்றிதழும் பின்னால் இல்லாத கம்மியருக்குப் பெயரே மூலதனம். பெயருக்கு விலை வந்தால் பெயரைத் திருடவும் ஆள் வரும். சோமின் பெயர் வெட்டிய பொருள்களில் அவர் செய்தவை மிகச் சிறு பங்குதான். அவர் பெயரைப் பார்த்ததும் அனுபவமுள்ளவர்கள் முதலில் சந்தேகப்படுகிறார்கள், பிறகுதான் பார்க்கிறார்கள்.

பிவா ஏரிக்கரையின் ஹிகோனேயில் இருந்த சோதென் இதைவிடக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர். 'சோஹெய்ஷி ந்யூதோ சோதென்' என்று நீண்ட கையொப்பம். தகட்டைக் குடைந்து, சீன ஞானிகளையும் போர்க்காட்சிகளையும் உருண்டையாகச் செதுக்கி, முகத்திலும் ஆடையிலும் தங்கம் வெள்ளி பதிப்பது அவர் பாணி. மக்களுக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், ஐசு போன்ற ஊர்களில் பட்டறைகள் அதே பாணியில் செய்து குவித்தன, பெயரையும் சேர்த்தே வெட்டின. பாணிக்கே 'ஹிகோனேபோரி' என்று பெயர் வந்துவிட்டது. இன்று உலகெங்கும் ஏலங்களில் வரும் சோதென் கையொப்பங்களில் பெரும்பாலானவை அவர் கையால் வந்தவை அல்ல. ஆனாலும் அவற்றில் சில நல்ல வேலைகள். பெயரைத் தள்ளிவிட்டுப் பொருளைப் பார்த்தால், ஐசுவின் பெயர் தெரியாத ஒரு கம்மியரின் திறமை மனத்தைத் தொடும். போலி என்ற ஒரு சொல்லால் அவரை மொத்தமாகத் துடைத்துவிடுவது நியாயமில்லை.

அப்படியானால் உண்மையான கையொப்பத்தை எப்படித் தெரிந்துகொள்வது? உருப்பெருக்கி கையில் இருக்கட்டும், விளக்கை மேலிருந்து காட்டாமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். நிழல் விழுந்தால்தான் தேய்ந்த எழுத்து எழுந்து நிற்கும். எழுத்தின் ஒரு கோட்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். தூரத்தில் ஒரே இழுப்பாகத் தெரிந்தது அருகில் துண்டு துண்டாக உடையும். கம்மியர் எழுதவில்லை, அடித்தார். சிறு உளியைச் சாய்த்துப் பிடித்துச் சுத்தியலால் தட்ட, உளி ஒவ்வொரு தட்டுக்கும் சிறிது முன்னேறும். ஒவ்வொரு தட்டும் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் கூர்ந்த ஒரு குழியை விடும். வரிசையாக வைத்த அரிசிமணிகள் போலக் கோடு அமையும். கோட்டின் இரு கரையிலும் உலோகம் ஒதுங்கி மெல்லிய வரம்பு எழும். கோடு வளையும் இடத்தில் எத்தனை தட்டு, எழுத்து முடியும் இடத்தில் உளி தூக்கிய விதம், எந்தக் கோட்டை முதலில் வெட்டினார் என்ற வரிசை, இவை ஒருவருடைய கைப்பழக்கம். எழுத்தின் வடிவத்தை நூலிலிருந்து நகலெடுக்கலாம். தட்டின் தாளத்தை நகலெடுப்பது கடினம். போலிக்காரர் வடிவம் பிசகாமல் இருக்கக் கவனமாகப் போவார், அந்தக் கவனமே தயக்கமாகத் தடத்தில் பதியும். நாள்தோறும் தன் பெயரை வெட்டியவர் தயங்குவதில்லை.

அடுத்தது குழியின் உட்புறம். இரும்பில் மேற்பரப்பின் பழுப்பும் எழுத்துக்குள் உள்ள பழுப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே வயதாகியிருக்கும். மேலே ஆழ்ந்த நிறம், எழுத்துக்குள் மட்டும் செந்துரு என்றால், பெயர் பிறகு வந்தது. ஷகுதோவில் நிறம் மேல்தோலில் மட்டும் உள்ளது. பின்னால் பெயர் வெட்டினால் தோல் கிழிந்து செம்பு தெரியும்; மறைக்க வேண்டுமென்றால் முழுத் தகட்டையும் மீண்டும் நிறமேற்ற வேண்டும், அப்போது மற்ற இடங்களின் பழமை போய்விடும்.

செப்பா உரசிய தடத்தையும் விட்டுவிடக் கூடாது. பல தலைமுறை வாளில் கோத்திருந்த ட்சுபாவில் செப்பாவின் விளிம்பு முட்டை வடிவக் கோடாகப் பதிந்திருக்கும். எழுத்தின் கரை வரம்பு அதன் கீழ் அமுங்கி மழுங்கியிருக்க வேண்டும். மேடை தேய்ந்து, எழுத்து மட்டும் நேற்று வெட்டியதுபோல் கூர்மையாக நின்றால் கவனம். ட்சுபா ஒரு வாளிலிருந்து இன்னொரு வாளுக்கு மாறும்போது நடுத்துளையை அகலப்படுத்துவார்கள், அல்லது செம்புத் துண்டுகளைச் செருகிக் குறுக்குவார்கள். அப்படி அகலப்படுத்தியதில் எழுத்தின் ஓரம் வெட்டுப்பட்டுப் போன கையொப்பங்கள் நிறைய. வாங்குபவருக்கு அது குறையாகத் தோன்றலாம். ஆய்வாளருக்கு அந்தப் பெயர் துளையை அகலப்படுத்தியதைவிடப் பழையது என்பதற்கான சாட்சி. துளையைச் சுற்றி உளியால் குத்திய தடங்களையும் சில பேர் எழுத்து என்று மயங்குவதுண்டு. அவை உலோகத்தை உள்நோக்கி ஒதுக்கி, துளையை அலகுக்கு இறுக்கக் குத்தியவை.

பழைய ட்சுபாவை அச்செடுத்து இரும்பில் வார்த்த நகல்களும் சந்தையில் சுற்றுகின்றன. இவற்றில் கையொப்பமும் சேர்ந்தே வார்ப்பாகி வரும். உளித்தடத்தின் கூர்மை இருக்காது, குழியின் அடி உருண்டிருக்கும், கரை வரம்பு இருக்காது. குடைந்த துளைகளின் உட்சுவரில் அரத்தின் தடம் இருக்க வேண்டிய இடத்தில் வார்ப்பின் சொரசொரப்போ தையல்கோடோ தென்படும். இதற்கு ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

1876 மார்ச்சில் மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் அணிவதைத் தடைசெய்தது. ராணுவம், காவல் துறை, அரசு விழாக்களுக்கு மட்டும் விதிவிலக்கு. ஒரே ஆணையில் ஒரு தொழில் தரையில் விழுந்தது. கானோ நட்சுவோ (1828–1898) போன்ற மிகச் சிலர் கரையேறினார்கள். 1871இல் வந்த புதிய யென் நாணயங்களின் வடிவமே நட்சுவோவின் கைவண்ணம். பின்னர் தோக்கியோ நுண்கலைப் பள்ளியிலும் அவர் கற்பித்தார். மற்றவர்கள் பூச்சாடியும் சிகரெட் பெட்டியும் செய்து ஏற்றுமதிக்கு அனுப்பினார்கள். வாளிலிருந்து கழற்றிய ட்சுபாக்கள் கூடைகூடையாகக் கப்பலேறின. ஐரோப்பாவும் அமெரிக்காவும் அவற்றைத் தட்டையான, அழகான, மலிவான சேகரப் பொருளாகக் கண்டன. வாளிலிருந்து பிரிந்தபோதுதான் செப்பா விலகிப் பெயர்கள் நிரந்தரமாக வெளிச்சத்துக்கு வந்தன. படிக்கத் தெரியாத கைகளில்!

படிக்கக் கற்றுக்கொடுக்க ஆட்கள் வந்தார்கள். ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஹரா ஷின்கிச்சி, வாள் அணிகலன் கம்மியர்களின் பெயர்த் தொகுப்பை 1902இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். 1908இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்காக ஒகாபே காகுயா அங்குள்ள ட்சுபாக்களைப் பள்ளி வாரியாக விளக்கி எழுதினார். லண்டனில் ஆன்ரி ஜோலி தனியார் சேகரங்களுக்கு அட்டவணை மேல் அட்டவணையாகத் தயாரித்தார். டுசெல்டார்ஃபில் ஓவியர் கேயார்க் ஓடர் சேர்த்த பெரும் சேகரம் இரண்டாம் உலகப் போரின் குழப்பத்தில் காணாமல் போனது. அதன் அச்சிட்ட அட்டவணை மட்டும் மிஞ்சி, அந்தக் கையொப்பங்களை ஒப்பிட இன்றும் உதவுகிறது. 2001இல் அமெரிக்கரான ராபர்ட் ஹெய்ன்ஸ் தம் வாழ்நாள் உழைப்பைப் பெரும் பெயரகராதியாக வெளியிட்டார். ஒவ்வொரு கம்மியருக்கும் ஓர் எண்; ஒரே பெயரில் பலர் இருந்தால் எண்ணைச் சொல்லி வேறுபடுத்தலாம். இன்று ஏல அட்டவணைகளில் பெயருக்குப் பக்கத்தில் காணும் 'எச்' எண் அவருடையது.

ஜப்பானில் 1948இல் அமைந்த கலைவாள் பாதுகாப்புச் சங்கம், வாள்களுக்கும் ட்சுபாக்களுக்கும் படிநிலை வாரியாகச் சான்று வழங்குகிறது. கையொப்பம் போலி என்று நடுவர்கள் கருதினால் சான்று கிடையாது. பெயரே இல்லாத பொருளுக்கோ சான்று உண்டு. வேலையைப் பார்த்து எந்தப் பள்ளி என்று எழுதுவார்கள். பொய்ப் பெயரைவிடப் பெயரின்மை மேல் என்ற இந்த ஏற்பாடு மிகச் சரியானது. கையொப்பத்தைக் கடைசியில்தான் படிக்க வேண்டும். முதலில் இரும்பு, பிறகு வடிவம், விளிம்பு, குடைந்த சுவர்கள், உருவத்தின் உயிர். இவையெல்லாம் ஒரு பெயரைச் சொன்ன பிறகு மேடையில் வெட்டியிருக்கும் பெயரும் அதையே சொல்கிறதா என்று பார்ப்பதுதான் முறை.

ஹிகோ நாட்டின் ட்சுபாக்கள் இந்த முறையைத் தவிர வேறு வழியில்லாமல் செய்துவிடுகின்றன. தேநீர்க் கலையில் தோய்ந்த பிரபு ஹோசோகாவா தாதாஓகியின் (1563–1646) ஆதரவில் தொடங்கிய மரபு அது. ஹிராதா ஹிகோசோ, நிஷிகாகி கான்ஷிரோ, ஷிமிசு ஜிங்கோ, ஹாயாஷி மதாஷிச்சி என நான்கு கிளைகள். ஆரம்பத் தலைமுறைகள் பெரும்பாலும் பெயர் வெட்டவில்லை. மதாஷிச்சியின் (1613–1699) சக்குராப் பூவும் கிழிந்த விசிறியும் கொண்ட இரும்பு ட்சுபா, முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டு, தோக்கியோவில் ஹோசோகாவா குடும்பச் சேகரங்களைக் காக்கும் எய்செய் புன்கோவில் இருக்கிறது. அதிலும் பெயர் இல்லை.

19ஆம் நூற்றாண்டில் அதே ஹிகோவில் காமியோஷி குடும்பம் ஹாயாஷி மரபைக் கற்றுத் தொடர்ந்தது. அதில் சிறந்தவர் ராகுஜு (1817–1884). மதாஷிச்சியின் வடிவங்களை அவர் மிக நெருக்கமாகச் செய்தார். பெயரில்லாத ஹிகோ ட்சுபா ஒன்று மேசைக்கு வந்தால், இருநூறு ஆண்டு இடைவெளியுள்ள இந்த இருவரில் யார் என்பதுதான் கேள்வி. 1902இல் நாகாயா ஷிகெனா எழுதிய 'ஹிகோ கின்கோரோகு' அந்த நாட்டுக் கம்மியர்களைப் பற்றிய அடிப்படை நூல். நடுவர்கள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். இரும்பின் கருமையில் ஈரம் போன்ற பளபளப்பு இருக்கிறதா, பதித்த தங்கம் எந்த இடத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, துளையின் விளிம்பு எவ்வளவு மென்மையாகத் திரும்புகிறது என்று பார்க்கிறார்கள். சில ட்சுபாக்களில் முடிவு ஒருமனதாக வருகிறது. சிலவற்றில் 'ஹாயாஷி' என்று குடும்பத்தோடு நிறுத்திக்கொண்டு, தலைமுறையை எழுதாமல் விடுகிறார்கள்.